மண்ணுக்குள் பெயர் தேடியவர்: நேதன் கொப் (1859 – 1932)

மாணவர்களே, உங்கள் வகுப்பின் வரவு இடாப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒரே மாணவனின் பெயர் தவறுதலாக இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பதியப்பட்டுவிட்டால் என்ன நடக்கும்? புள்ளிகள் ஒரு பெயரில் இருக்கும், சான்றிதழ் இன்னொரு பெயரில் இருக்கும். பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் இந்தச் சிக்கலால் அலைந்து திரிந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இதே சிக்கல் வாழை வேரில் வாழும் ஒரு நுண்ணிய புழுவுக்கும் நேர்ந்தது. அதற்கு முதன்முதலில் பெயரிட்டவரே அந்தச் சிக்கலிலும் அகப்பட்டுக்கொண்டார். அவர்தான் நேதன் ஒகஸ்ரஸ் கொப். ஐக்கிய அமெரிக்காவில் வட்டப்புழுவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர்.

வாழ்க்கை வரலாற்றுக்குச் செல்லுமுன் ஒரு தெளிவு வேண்டும். இங்கே பேசப்படும் புழு, தோட்டத்தைக் கொத்தும்போது நெளியும் மண்புழு அன்று. மண்புழுவின் உடல் வளையங்களாகத் துண்டுபட்டிருக்கும், அது அனெலிடாக் கணத்தைச் சேர்ந்தது. வட்டப்புழுக்களின் உடலில் துண்டங்கள் இல்லை. நூல் போன்று இரு முனையும் ஒடுங்கியிருக்கும் இவை நெமற்றோடாக் கணத்தைச் சேர்ந்தவை. கொளுக்கிப்புழு, யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றின் உறவினர்கள் மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் தாவர வேர்களிலும் பெருந்தொகையாக வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றர் நீளத்தையும் எட்டாதவை, நிறமற்றவை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒன்றால் பயிர் அழிகிறதென்று எந்த விவசாயி நம்புவான்?

கொப் 1859 ஜூன் 30 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பென்சர் என்ற ஊரிற் பிறந்தார். பண்ணை வேலையோடு வளர்ந்த பிள்ளை. வூஸ்ரர் நகரில் இருந்த கைத்தொழில் விஞ்ஞானக் கல்லூரியில் பயின்று 1881 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அலிஸ் புறொக்ரரைத் திருமணம் செய்தார். ஈஸ்ற்ஹம்ரன் என்னும் ஊரின் பாடசாலையொன்றில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். சம்பளமும் குடும்பமும் உள்ள ஓர் ஆசிரியர் அத்தோடு அமைந்துவிடுவதே வழக்கம். இவரோ 1887 இல் மனைவி பிள்ளைகளுடன் ஜேர்மனிக்குக் கப்பலேறினார். யெனா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கலின் கீழ்ப் படித்து, திமிங்கில வகையொன்றில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராய்ந்து, 1888 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். வட்டப்புழுவுக்கும் அவருக்கும் இடையிலான உறவு அங்கேதான் தொடங்கியது.

பின்னர் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்தில் சிறிது காலம் வேலை செய்துவிட்டு, 1889 இல் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றார். கலாநிதிப் பட்டம் கையில் இருந்தும் சிட்னியில் உடனே தகுந்த விஞ்ஞானப் பதவி கிடைக்கவில்லை. சில காலம் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகக் கற்பித்தார். 1890 இல் நியூ சௌத் வேல்ஸ் விவசாயத் திணைக்களம் அவரைத் தாவர நோயியலாளராக நியமித்தது. அவுஸ்திரேலியாவில் அத்தகைய முழுநேரப் பதவி வகித்த முதல் ஆள் அவரே.

அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையில் பெரும்பகுதி வட்டப்புழுவைப் பற்றியதன்று, கோதுமையைத் தாக்கும் துருநோயைப் பற்றியது. இலையில் எவ்வளவு பங்கு துருப்பிடித்துள்ளது என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லக்கூடாது என்பதற்காக, 1892 இல் படங்களைக் கொண்ட ஓர் அளவுகோலை அவர் உருவாக்கினார். அதன் திருத்திய வடிவம் கொப் அளவுகோல் என்ற பெயருடன் இன்றும் பயன்படுகிறது. ஒரே கோதுமை ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரில் விற்கப்படுவதையும் கண்டு, கோதுமை வகைகளுக்குப் பொதுவான பெயரீட்டை அமைக்கவும் முயன்றார். துருநோயைத் தாங்கும் ஆற்றல் இலைத்தோலின் தடிப்பில்தான் உள்ளது என்று அவர் கருதியது பிற்காலத்தில் நிலைக்கவில்லை. ஆயினும் கரும்பின் பிசின் நோய்க்குப் பற்றீரியாவே காரணம் என்று 1893 இல் அவர் கூறியது சரியாக இருந்தது.

அந்த 1893 ஆம் ஆண்டிலேதான் நமது கதையின் புழுவும் வருகிறது. பீஜித் தீவின் வாழைகளின் அழுகிய வேர்த் திசுவில் இருந்து கிடைத்த புழுக்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்த கொப், இரண்டு வகைகளைக் கண்டார். ஒன்றிற்கு ரைலெங்கஸ் சிமிலிஸ் எனவும் மற்றதற்கு ரைலெங்கஸ் கிரனுலோசஸ் எனவும் பெயரிட்டு விவரித்தார். 1898 இல் சிம்மர்மன் என்ற ஆய்வாளர் யாவாத் தீவில் கிடைத்த ஒரு புழுவுக்கு வேறொரு பெயரைச் சூட்டினார். கொப் 1905 இல் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டக்காரர் சங்க ஆய்வு நிலையத்துக்குச் சென்றிருந்தார். அங்குள்ள கரும்பு வேரிற் கண்ட ஒரு புழுவை 1909 இல் ரைலெங்கஸ் பைபோர்மிஸ் எனப் புதிய இனமாக வெளியிட்டார்.

நான்கு பெயர்கள். ஆனால் புழு ஒன்றே!

இவ்வளவு திறமையானவர் எப்படித் தவறினார் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் புழுவிலேயே இருந்தது. இதன் பெண் புழுவின் வாயில் ஊசி போன்ற உறுதியான உறுப்பு உண்டு. அதனால் வேரின் கலங்களைக் குத்தி உண்டுகொண்டே உள்ளே குடைந்து செல்லும். ஆணுக்கோ அந்த ஊசி மெலிந்து பயனற்றுப் போயிருக்கும். தலையின் வடிவமும் வேறு. ஆண் உண்பதே இல்லை. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பார்ப்பவருக்கு அவை இரண்டு இனங்களாகவே தோன்றும். ஊரும் பயிரும் மாறும்போது குழப்பம் இன்னும் கூடும். சிமிலிஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு ஒத்தது என்பது பொருள். அந்தப் பெயரையே கொண்ட புழு தன்னைத் தானே ஒவ்வாததாகக் காட்டிக்கொண்டது வேடிக்கைதான்.

இதனால் யாருக்கு என்ன நட்டம்? வாழைத் தோட்டக்காரனை எண்ணிப் பாருங்கள். குலை முற்றும் வேளையில் ஒரு காற்றுக்கு மரம் வேரோடு சாய்கிறது. கிளறிப் பார்த்தால் வேர்கள் செங்கருமையாக அழுகியிருக்கின்றன. கரும்புக்காரனின் வயலிலும் வேர் அழுகுகிறது. இரண்டும் வெவ்வேறு புழுக்களின் வேலை என்று நூல்கள் சொன்னால், வாழை நின்ற நிலத்தில் கரும்பை நட அவன் தயங்கமாட்டான். புழுவுக்கு உணவு தொடர்ந்து கிடைக்கும். 1915 இல் கொப் வெளியிட்ட கட்டுரையில், வாழையிலும் கரும்பிலும் வேர்நோயை உண்டாக்குவது ரைலெங்கஸ் சிமிலிஸ் என்ற ஒரே இனமே என எழுதினார். தாம் ஆறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பெயரைத் தாமே கைவிட்டார். அவருடைய ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய இன விவரணங்களைவிட இந்த ஒரு திருத்தமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞான ஆசிரியர் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

1907 இல் கொப் வோஷிங்டனுக்குச் சென்று ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்திற் சேர்ந்தார். முதலில் பருத்தியைத் தரம் பிரிக்கும் நியமங்களில் வேலை செய்தார். பின்னர் வட்டப்புழு ஆய்வே அவரது வாழ்க்கையாயிற்று. ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றிய படிப்புக்குள் ஓர் ஓரமாக இருந்த இதற்கு 1914 இல் வட்டப்புழுவியல் என்ற தனிப்பெயரைக் கொடுத்தார். வட்டப்புழுக்களைத் தனிக் கணமாகவே கொள்ளவேண்டும் என 1919 இல் வாதிட்டார். ஷக்கிள்ரனின் அந்தாட்டிக் பயணக் குழு கொண்டுவந்த கடல் வட்டப்புழுக்களையும் அவர் விவரித்துள்ளார்.

புதிய இனமொன்றை விவரிப்பது என்றால் என்ன? முதலில் புழுவை மண்ணிலிருந்து பிரிக்கவேண்டும். 1918 இல் கொப் வெளியிட்ட முறை நமது வீடுகளில் அரிசி அரிக்கும் முறையைப் போன்றது. ஒரு பாத்திரத்தில் மண்ணை நீருடன் கலக்கிச் சற்று நேரம் விட்டால் பாரமான மணல் அடியிற் படியும். புழு இலேசானது, நீரில் மிதந்து நிற்கும். அந்த நீரை மட்டும் வடித்து, பெருங்கண் அரிதட்டில் தொடங்கி வரவரச் சிறுகண் அரிதட்டுகளில் ஊற்றினால், வேர்த்துண்டும் குப்பையும் மேலே தங்க, புழுக்கள் கடைசி அரிதட்டில் சேரும். ஆய்வுகூடங்களில் இம்முறை இன்றும் கொப்பின் பெயராலேயே வழங்குகிறது. இவ்வாறு எண்ணியபோது, ஓர் ஏக்கர் நிலத்தின் மேல்மண்ணில் புழுக்கள் கோடிக்கணக்கில் இருப்பது தெரியவந்தது. 2019 இல் உலக மேல்மண் முழுவதற்கும் ஒரு மதிப்பீடு வெளியானது. 44 என எழுதி அதன் பின் 19 பூச்சியங்களைப் போடுங்கள், அதுவே அந்தத் தொகை.

பிரித்த புழுவைக் கொன்று, சுருங்காமற் பதப்படுத்தி, கண்ணாடியில் ஏற்றவேண்டும். சாதாரண வழுக்கியில் ஒரு பக்கம் மட்டுமே தெளிவாகத் தெரியும். கொப் உலோகச் சட்டமொன்றினுள் இரண்டு மெல்லிய மூடித்துண்டுகளுக்கு இடையே புழுவை வைத்தார். அதைப் புரட்டி இரு புறமும் பார்க்கலாம். பண்ணையில் வளர்ந்த கைகளுக்குச் சட்டமும் திருகாணியும் செய்வது பெரிய காரியமன்று. அதன்பின் உதடுகள், வாய் ஊசியின் நீளம், களத்தின் வீக்கங்கள், பெண்ணின் இனப்பெருக்கத் துவாரம் இருக்கும் இடம், வாலின் வடிவம், ஆணின் புணர்ச்சி முட்கள் என ஒவ்வொன்றாக அளந்து வரையவேண்டும். கொப் இந்த அளவுகளை உடல் நீளத்தின் நூற்றுவீதமாக மாற்றி ஒரே வரியில் எழுதும் சூத்திரத்தை உண்டாக்கினார். உதாரணமாக, துவாரம் உடலின் சரிபாதியில் இருந்தால் 50 என எழுதப்படும். அப்போது சிறிய புழுவையும் பெரிய புழுவையும் ஒப்பிடலாம். இந்தச் சூத்திரம் பின்னர் வழக்கொழிந்தது. ஒல்லாந்து அறிஞர் டி மான் அதற்கு முன்பே அமைத்த எளிய விகிதங்களே நிலைத்தன.

அவர் சூட்டிய பெயர்கள் சிலவற்றைப் பாருங்கள். தோடை, எலுமிச்சை வேர்களைத் தாக்கும் புழுவுக்கு 1913 இல் செமிபெனற்றன்ஸ் என்றார். பாதி நுழைவது என்பது பொருள். பெண் புழுவின் முன்பாதி வேருக்குள்ளும் பின்பாதி வெளியேயும் இருக்கும். அமெரிக்கப் பகுதிகளிலே தென்னைகளைக் கொல்லும் செவ்வளைய நோயின் புழுவுக்கு 1919 இல் கோகோபிலஸ் என்றார், தென்னையை விரும்புவது.

கொப் 1932 ஜூன் 4 ஆம் திகதி பால்ற்றிமோர் நகரில் காலமானார். அவரது ஆய்வுத் தொடரின் இறுதிப் பகுதி 1935 இல், அவர் மறைந்தபின், வெளிவந்தது.

சிமிலிஸ் புழு அதன்பின்னும் ஓயவில்லை. 1949 இல் கொப்பின் உதவியாளராக இருந்த ஜெரால்ட் தோர்ன் அதனை ரடோபோலஸ் என்ற புதிய சாதிக்கு மாற்றினார். ஆகவே அதன் முழுப்பெயர் ரடோபோலஸ் சிமிலிஸ் (கொப், 1893) தோர்ன், 1949 என எழுதப்படும். அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். இனத்துக்குப் பெயரிட்டவர் கொப், சாதியை மாற்றியவர் வேறொருவர் என்பதை அந்தக் குறியே சொல்கிறது. 1953 இல் புளோரிடா மாநிலத்தின் தோடை மரங்களை நலியச் செய்த நோய்க்கும் இதுவே காரணம் எனக் கண்டறிந்தனர். தோடையைத் தாக்கும் புழு வேறோர் இனம் என 1984 இல் பிரித்தனர், 1990 களின் பிற்பகுதியில் மீண்டும் ஒன்றாக்கினர்.

நமது மலையகத் தேயிலை வேரில் வாழும் ஒரு வட்டப்புழுவின் கதை இதற்கு நேர்மாறானது. அது நெடுங்காலம் வேறோர் இனத்தின் பெயருக்குள் மறைந்து கிடந்தது. 1960 இல் லோவ் என்ற அறிஞர் அதனைத் தனி இனமாகப் பிரித்து, இலங்கைத் தேயிலையில் இவ்வகைப் புழுக்களை ஆராய்ந்த லூஸ் என்பவரின் நினைவாகப் பிரற்றிலெங்கஸ் லூசி எனப் பெயரிட்டார்.