வேலூர் ஐடா அம்மையாரும் மூன்று வீட்டு அழைப்பும்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு, மறைந்த பெரியவங்க ஒருத்தரைப் பற்றி எழுதித் தரச் சொன்னாங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நம்ம உறுப்பினர்கள் வீட்டுப் பெண்கள் பல பேர் இப்போ நர்சிங் படிக்கிறாங்க. குழுக் கடன் வாங்கிப் படிக்க வைக்கிற தாய்மார்களும் இருக்காங்க. அதனால எனக்கு முதலில் மனசுக்கு வந்த பேர் ஐடா ஸ்கடர். பேரைக் கேள்விப்படாதவங்களுக்கும் அவங்க உண்டாக்கின ஆஸ்பத்திரி தெரியும். செய்யார், ஆரணி பக்கம் வியாதி கை மீறிப் போச்சுன்னா ஆற்காடு வழியா வேலூருக்கு ஓடுறோமே, அந்த சி.எம்.சி.தான்.

ஐடா 1870 டிசம்பரில் இராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா அமெரிக்க மிஷன் டாக்டர், தாத்தாவும் டாக்டர். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்க பட்டினியால் செத்துக்கொண்டிருந்ததைச் சின்ன வயசிலேயே பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் படித்தார். இந்த ஊருக்குத் திரும்பி வந்து கஷ்டப்பட அவருக்குக் கொஞ்சமும் விருப்பம் இல்லை. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு தகவல் வந்ததால்தான், 1890 வாக்கில் திண்டிவனத்தில் இருந்த பெற்றோரிடம் வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவதாகத்தான் எண்ணம்.

அங்கே ஒரு ராத்திரி மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினாங்க. மூன்று வீட்டிலும் சின்ன வயசு மனைவி பிரசவ வலியில் தவிக்கிறாள். ஐடா வந்து பார்க்கணும்னு கெஞ்சினாங்க. அவரோ டாக்டர் இல்லை, அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார். ஆம்பளை டாக்டர் எங்க வீட்டுப் பொம்பளையைத் தொடக்கூடாதுன்னு மூன்று பேருமே திரும்பிப் போயிட்டாங்க. விடிஞ்சதும் விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தாங்க. அவருக்கு அப்போ இருபது வயசு சொச்சம். செத்தவங்களும் ஏறக்குறைய அந்த வயசுதான்.

அந்த ராத்திரிதான் அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1899-ல் அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900-ம் ஆண்டு தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். வந்த சில மாதத்திலேயே அப்பா காலமாகிவிட்டார். தனியாளாக ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கி, 1902-ல் பெண்களுக்காக 40 படுக்கை ஆஸ்பத்திரி திறந்தார். அதற்குப் பணம் கொடுத்தவர் நியூயார்க் வங்கிக்காரர் ஒருவர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக.

பெண்களுக்காக அவர் ஆரம்பித்த டாக்டர் பள்ளியைத்தான் எல்லாரும் பெரிசா பேசுவாங்க. அது 1918-ல் வந்தது. ஆனால் அதற்கு ஒன்பது வருஷம் முன்னாடியே, 1909-ல், டெலியா ஹௌட்டன் என்ற நர்ஸ் அம்மா வந்து அந்த ஆஸ்பத்திரியில் நர்சிங் பள்ளி தொடங்கிட்டாங்க. நர்ஸாக இருந்ததால சொல்றேன்னு நினைக்காதீங்க, எனக்கு அதுதான் பெரிய காரியமாகத் தெரியுது. டாக்டர் கட்டில் பக்கம் நிற்பது சில நிமிஷம். ராத்திரி முழுக்கக் கூட இருப்பது நர்ஸ். நோயாளி மோசமாகப் போறாங்கன்னு முதலில் கண்டுபிடிக்க வேண்டியவளும் அவள்தான்.

திண்டிவனத்தில் மூன்று அழைப்பு வந்த மாதிரியே, படிக்கிற நம்ம பொண்ணுக்கும் ஒரு ராத்திரி டூட்டியில் மூன்று தாய்மார் ஒரே நேரத்தில் வருவாங்க. ஒருத்தி முதல் பிரசவம், வலியில் வார்டே அதிரக் கத்துகிறாள். ஒருத்தி எட்டாம் மாசம், காலையிலிருந்து தலைவலி, கண் மங்கலா தெரியுதுன்னு சொல்றாள். இன்னொருத்தி ஒரு மணி நேரம் முன்னாடி பிள்ளை பெற்றவள். ஒன்றும் கேட்கலை, தண்ணி மட்டும் கேட்டாள், முகம் வெளுத்து வேர்த்திருக்கு. முதலில் யார்கிட்ட போகணும்?

கத்துகிறவளுக்கு மூச்சு நல்லா இருக்கு, நினைவும் இருக்கு. உறவுக்காரங்க அவளுக்காகத்தான் சண்டை போடுவாங்க. இருந்தாலும் நர்ஸ் முதலில் போக வேண்டியது அந்த அமைதியா இருக்கிறவளிடம். நாடி வேகமா ஓடுதா, கீழே துணி நனைஞ்சிருக்கான்னு பார்க்கணும். வயிற்றைத் தொட்டால் கர்ப்பப்பை பந்து மாதிரி கெட்டியா இருக்கணும். கொழகொழன்னு இருந்தால் சுருங்கலைன்னு அர்த்தம், ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். மூத்திரப்பை நிரம்பி இருந்தாலும் சரியா சுருங்காது. இளம் உடம்பு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், பிரஷர் சரியாகவே காட்டும். பிரஷர் இறங்கட்டும்னு காத்திருந்தால் நேரம் போயிடும். கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே, ஆள் விட்டு டாக்டரைக் கூப்பிடணும். சும்மா கொஞ்சம் மோசமா இருக்காங்கன்னு சொல்லக்கூடாது. நாடி இத்தனை, பிரஷர் இத்தனை, இத்தனை துணி நனைஞ்சிருக்குன்னு சொல்லணும். தூக்கத்தில் எழுப்பினா டாக்டர் திட்டுவாரேன்னு தயங்குற பொண்ணுங்களை நான் பார்த்திருக்கேன். திட்டட்டும், அதுக்காக நிக்கக்கூடாது.

தலைவலிக்காரியையும் விட்டுவிட முடியாது. கூட இருக்கிற இன்னொரு நர்ஸ் அதே நேரத்தில் அவளுக்குப் பிரஷர் பார்க்கணும். நம்ம தறிக்காரப் பெண்கள் குழியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் உட்காருவாங்க, கால் வீங்கினா தறியாலதான்னு சொல்லிடுவாங்க. பல பேருக்கு அது உண்மையும்கூட. ஆனா முகமும் கையும் வீங்கி, தலைவலியும் சேர்ந்து, பிரஷர் 140/90-க்கு மேலே போய், மூத்திரத்தில் உப்பும் இருந்தா அது தறி வீக்கம் இல்லை. விட்டால் ஜன்னி வரும். அவளை அன்றைக்கே டாக்டர் பார்க்கணும்.

ஐடா அம்மையாரும் இப்படித் தரம் பிரித்துப் பார்த்தவர்தான். குடியாத்தம் போகிற சாலையில் வாரம் ஒருநாள் மருந்துப் பெட்டியோடு போவார். முதலில் மாட்டு வண்டி, பிறகு ஒரு சின்ன கார். வழியில் மரத்தடிகளில் ஜனங்க காத்திருப்பாங்க. புண்ணுக்கும் கண்ணுக்கும் அங்கேயே மருந்து, தாங்காதவங்களை வேலூருக்கு ஏற்றி வருவார்.

பெண்கள் டாக்டர் படிப்புக்கு வரமாட்டாங்கன்னு அதிகாரிகள் நினைச்சிருந்த காலம் அது. 1918-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பம் போட்டாங்க. முடித்த முதல் செட் 14 பேர், மாகாணத் தேர்வில் 14 பேரும் தேறினாங்க. நர்சிங் பள்ளியும் வளர்ந்தது. 1946-ல் பட்டப்படிப்பாக, பி.எஸ்சி. நர்சிங்காக உயர்ந்தது. இந்தியாவில் அந்தப் பட்டம் முதன்முதலாக வந்த இடங்கள் இரண்டு. ஒன்று டில்லி, இன்னொன்று நம்ம வேலூர்.

அந்த வருஷத்தோடு அவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம் கொடைக்கானலில் 89-ம் வயதில் காலமானார். 40 படுக்கையில் தொடங்கின ஆஸ்பத்திரி அதற்குள் பல மாநிலத்து ஜனங்க தேடி வருகிற இடமாகியிருந்தது. ஆம்பளைப் பிள்ளைகளும் அவர் உயிரோடு இருக்கும்போதே அங்கே டாக்டருக்குப் படிக்க வந்துவிட்டாங்க.