டாக்டர்கள் அழைக்கும் வரை காத்திருந்த அம்மையார்

கை விளக்கேந்திய காரிகை என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், நோயாளிகளின் அன்பைச் சுலபமாகப் பெற்றார். டாக்டர்களின் நம்பிக்கையைப் பெறத்தான் அவர் அரும்பாடு பட்டார்.

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி, இத்தாலியில் உள்ள புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஊரின் பெயரையே பெற்றோர் சூட்டினர். அந்தக் காலத்தில் நர்சு வேலைக்கு மதிப்பு கிடையாது. வீட்டில் பலத்த எதிர்ப்பு. அதையும் மீறி 1851-ல் ஜெர்மனிக்குச் சென்று பயிற்சி பெற்றார்.

போர்முனை ஆஸ்பத்திரி

1854-ல் கிரிமியா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கவனிப்பார் இல்லாமல் மடிவதாகப் பத்திரிகைகள் எழுதின. யுத்த மந்திரி சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டபடி, 38 பெண்களுடன் அம்மையார் புறப்பட்டார். நவம்பர் 4-ந் தேதி துருக்கியில் ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரியை அடைந்தார்.

அங்கே டாக்டர்கள் முகம் கொடுக்கவில்லை. ஏற்கெனவே பத்திரிகைகளின் கண்டனத்துக்கு ஆளானவர்கள் அவர்கள். மந்திரிக்கு வேண்டிய பெண்மணி நம்மை வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள். தங்குவதற்குச் சில சிறிய அறைகள் கிடைத்தன, வேலை கிடைக்கவில்லை.

மந்திரிக்கு ஒரு கடிதம் போட்டு அதிகாரம் காட்டியிருக்கலாம். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. டாக்டர் கூப்பிடாமல் எந்த நர்சும் நோயாளியைத் தொடக் கூடாது என்று கட்டளையிட்டார். பக்கத்து வார்டில் முனகல் கேட்க, நர்சுகள் துணி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கே இது கல்நெஞ்சமாகத் தோன்றியது.

நிலைமை மாறியது

நவம்பர் 5-ந் தேதி இங்கர்மன் சண்டை நடந்தது. சில நாட்களில் கப்பல் கப்பலாகக் காயம்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். சமாளிக்க முடியாத டாக்டர்கள் தாங்களே நர்சுகளை அழைத்தார்கள். அழைத்த பிறகும் அம்மையார் எல்லை மீறவில்லை. விசேஷ உணவானாலும், துணிமணியானாலும் டாக்டர் கேட்டு எழுதினால்தான் கொடுத்தார்.

எல்லா டாக்டர்களும் மாறிவிடவில்லை. கிரிமியாவில் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஜான் ஹால் கடைசிவரை முரண்டு பிடித்தார். அம்மையாரின் அதிகாரம் துருக்கியோடு சரி, கிரிமியாவில் செல்லாது என்று வாதாடினார். 1856 மார்ச்சில் ராணுவ உத்தரவு ஒன்று வந்த பிறகே அந்தத் தகராறு தீர்ந்தது.

இதற்கு நேர்மாறானவர் டாக்டர் ஜான் சதர்லாந்து. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் கமிஷனில் அவர் ஒருவர். அந்தக் கமிஷன் சாக்கடைகளைச் சுத்தம் செய்தது. பிப்ரவரியில் 100 நோயாளிகளுக்கு 42 பேர் என்று இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. நர்சுகளின் கவனிப்பு மட்டும் போதாது, சுகாதாரமும் வேண்டும் என்பதை அம்மையார் இதிலிருந்து உணர்ந்தார். யுத்தம் முடிந்த பிறகும் சதர்லாந்து 30 ஆண்டுகளுக்கு மேல் அவருக்குத் துணையாக உழைத்தார். இந்தியா வராமலே, இங்குள்ள ராணுவ முகாம்களின் சுகாதாரத்தை அம்மையார் ஆராய்ந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பயிற்சிப் பள்ளி

1860-ல் லண்டன் செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அம்மையார் பெயரால் நர்சுப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அங்கே மூத்த சர்ஜனாக இருந்த ஜான் பிளின்ட் சவுத், நர்சுகளுக்குத் தனிப் படிப்பு எதற்கு என்ற கட்சிக்காரர். ஆனால் அதே ஆஸ்பத்திரி டாக்டர்கள் சிலர் வகுப்பு எடுக்க முன்வந்தார்கள்.

அம்மையார் வகுத்த ஏற்பாடு தெளிவானது. சிகிச்சையில் டாக்டர் சொல்வதே முடிவு. நர்சுகளின் பயிற்சியும் ஒழுங்கும் மேட்ரன் பொறுப்பு. அதில் டாக்டர் தலையிடக் கூடாது. அவரவர் எல்லை தெரிந்தால் சண்டைக்கு இடம் குறைவு என்பது அவர் கண்ட அனுபவம்.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் அம்மையார் காலமானார். அவர் பிறந்த நாளை உலகம் நர்சுகள் தினமாகக் கொண்டாடுகிறது.

மேலே இருப்பவர் மதிக்கவில்லையே என்று மனம் வெதும்பாத ஊழியர் நம்மில் யார்? அம்மையார் பணிந்தும் போகவில்லை, முறைத்துக்கொள்ளவும் இல்லை. தம் வேலையில் தேர்ந்து, வேளை வரும்போது தயாராக நின்றார். அதுதான் டாக்டர்களை அவரிடம் வரவழைத்தது.