கிரகணத்தை வைத்துப் பஞ்சாங்கத்துக்குப் பரீட்சை வைத்தவர்... யார் இந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி?

2019 டிசம்பர் 26, காலை 9.30 மணி வாக்கில் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வானத்தில் சூரியன் மெலிந்து பிறை ஆகியிருந்தது. அதே காலையில், கோவை நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அவிநாசியில் அது முழு நெருப்பு வளையம். சில நூறு ரூபாய் பஸ் டிக்கெட் தூரத்தில் இரண்டு வேறு காட்சிகள்!

அவிநாசிக்கு இது புதுசு இல்லை. 148 வருஷத்துக்கு முன்னாடி, 1871 டிசம்பர் 12 காலையில், இதே ஊரில் சூரியன் முழுசாகவே மறைந்தது. அதைப் பார்க்க மெட்ராஸில் இருந்து தொலைநோக்கிகளோடு ஒரு குழு வந்து காத்திருந்தது. குழுவில் இருந்த ஒருவர் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஊரே நம்பிய காலம் அது. அந்தக் காலத்தில் கிரகணத்தைத் தேடிப் போனவர் அவர். அதை வைத்து அவர் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. யார் அவர்? பார்க்கலாம் வாங்க.

நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய கதை

மழைக்காலத்தில் டிவியைப் போட்டாலே நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் மழை என்று சொல்வார்கள் இல்லையா? அந்த வளாகத்தில்தான் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் வான் ஆய்வகம் கட்டப்பட்டது. தொலைநோக்கிக் கருவியைத் தாங்கிய கிரானைட் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

1840-களில் இளைஞராக அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ரகுநாதாச்சாரி. பெரிய பள்ளிப் படிப்பு கிடையாது. ஆனால் கணக்கு கைவசம் இருந்தது. இரவில் நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறிக்க வேண்டும், பகலில் அதைக் கணக்குப் போட வேண்டும். இதுதான் வேலை. கண், காது, கடிகாரம் மூன்றும் ஒன்றாக ஓட வேண்டிய வேலை. நொடியில் சின்னப் பகுதி தவறினாலும் நட்சத்திரத்தின் இடம் மாறிப்போகும்.

1861-ல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் ஆய்வகத்தின் தலைவராக வந்தார். நட்சத்திரங்களின் ஒளியை அளக்க இன்று உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலைத் தந்தவர் இவர்தான். அவர் காலத்தில் ரகுநாதாச்சாரி முதல் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தார்.

1867-ல் அவர் பெயர் வெளியே தெரிந்தது. தென்வானத்தில் ரெட்டிகுலம் என்ற மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் மங்குவதும் மறுபடி பிரகாசமாவதுமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். நவீன வானியலில் ஓர் இந்தியர் செய்த முதல் கண்டுபிடிப்பாக இதைச் சொல்கிறார்கள்.

1868: மேகத்தை ஏமாற்ற இரண்டு குழு

1868 ஆகஸ்ட் 18. இந்தியாவைக் குறுக்காகக் கடந்த முழு சூரிய கிரகணம். சூரியன் மறைந்திருந்த நேரம் ஐந்து நிமிடத்துக்கும் மேல். இவ்வளவு நீண்ட கிரகணம் அபூர்வம் என்பதால் ஐரோப்பாவில் இருந்தே விஞ்ஞானிகள் கப்பல் ஏறி வந்தார்கள்.

ஆகஸ்ட் என்றால் பருவமழை. ஒரே இடத்தில் எல்லோரும் நின்று மேகம் வந்துவிட்டால் எல்லாம் வீண். அதனால் மெட்ராஸ் ஆய்வகம் இரண்டாகப் பிரிந்தது. போக்சன் மசூலிப்பட்டினம் போனார். நிஜாம் சீமையில் இருந்த வனபர்த்தியில் இரண்டாவது குழு. அதற்குத் தலைமை ரகுநாதாச்சாரி. வெள்ளைக்கார அதிகாரிகள் மட்டுமே தலைமை தாங்கிய காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

அந்தக் கிரகணம்தான் ஹீலியத்தை உலகுக்குக் காட்டியது. குண்டூரில் இருந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் இருந்த போக்சன் உள்ளிட்டவர்கள் சூரியனின் விளிம்பு ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, அதுவரை தெரிந்த எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. சூரியனில் முதலில் கண்ட அந்த வாயு பூமியில் கிடைக்க 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1871-ல் அடுத்த வாய்ப்பு. கேரளக் கடற்கரையில் நுழைந்த நிழல் நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் போனது. அவிநாசியில் போக்சனும் ரகுநாதாச்சாரியும் இருந்தார்கள். இந்தத் தடவை இருள் நீடித்தது சுமார் இரண்டு நிமிடம். அன்றைக்கும் சேலம் பாதைக்கு வடக்கே தப்பிப்போனது. இங்கே பகுதி கிரகணம்தான்.

அடுத்த மாதம், 1872 ஜனவரியில், லண்டன் ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

ராகு, கேது: கணக்கில் அவை என்ன?

இங்கே கொஞ்சம் நின்று, கிரகணம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

அமாவாசை அன்று நிலா சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் வருகிறது. அதன் நிழல் பூமியில் விழுந்தால் சூரிய கிரகணம். பௌர்ணமி அன்று பூமி நடுவில் வருகிறது. பூமியின் நிழலுக்குள் நிலா நுழைந்தால் சந்திர கிரகணம். அப்படியென்றால் மாதாமாதம் வரணுமே? வராது. நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் நிழல் மேலேயோ கீழேயோ தப்பிவிடும்.

நிலாவின் பாதையும், வானில் சூரியன் போகும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் உண்டு. அமாவாசையோ பௌர்ணமியோ இந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டுமே கிரகணம். கதையில் ராகு, கேது என்று வருவது பாம்புகள். பஞ்சாங்கக் கணக்கில் ராகு, கேது என்பது இந்த இரண்டு புள்ளிகள்தான். பாம்பு விழுங்கும் நேரத்தைக் கணித்தவர்களுக்கு அது பாம்பு இல்லை என்பது நன்றாகவே தெரியும்!

சோழி வைத்துக் கணக்கு

நம்ம ஊர்ப் பழைய கணிதமும் லேசுப்பட்டது இல்லை. மெட்ராஸ் ஆய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன் என்ற அதிகாரி, 1825-ல் ஒரு விஷயத்தைப் பதிவு செய்தார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, பேனா இல்லை.

பின்னாளில் ஆய்வாளர்கள் அதைச் சரிபார்த்தார்கள். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் 4 நிமிடம்! ஆனால் முடியும் நேரத்தில் பிழை 52 நிமிடம்.

இதுதான் வாக்கியக் கணிதம். எண்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்வது. நிலாவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். முறை அருமையானது. ஆனால் அதில் உள்ள அடிப்படை எண்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் குறித்தவை. தினமும் சில நொடி தப்பும் கடிகாரத்தைத் திருத்தாமலே விட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

சண்டை எங்கே ஆரம்பித்தது?

ரகுநாதாச்சாரி இங்கேதான் கைவைத்தார். திதி, நட்சத்திரம், கிரகண நேரம் எல்லாம் இன்று கண்ணால் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். லண்டனில் அச்சாகும் நாட்டிகல் அல்மனாக் அளவுகளைக் கொண்டு தானே ஒரு பஞ்சாங்கம் வெளியிட்டார். அதற்குப் பெயர் திருக்கணிதப் பஞ்சாங்கம். திருக் என்றால் பார்வை. கண்ணுக்குத் தெரிவதோடு பொருந்தும் கணக்கு என்று அர்த்தம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பஞ்சாங்கமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. திதி பார்த்துத் தர்ப்பணம் செய்கிறவருக்கு அந்தத் திதி சரியாக இருக்க வேண்டாமா என்பதே அவர் கேள்வி. வெளியில் இருந்து கேட்டிருந்தால் ஒதுக்கிவிடலாம். கேட்டவர் பஞ்சாங்கக் குடும்பத்தின் பிள்ளை.

சரி, எந்தக் கணக்கு சரி என்று யார் தீர்ப்பு சொல்வது? திதியைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் கிரகணத்தைப் பார்க்கலாம். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று அச்சிட்டுவிட்டால், கடிகாரம் வைத்திருக்கும் யாரும் சரிபார்த்துவிடலாம். தன் கணக்கு தப்பினால் ஊரறிய அவமானம். அந்தப் பரீட்சைக்கு அவர் தயாராக இருந்தார்.

இந்தச் சண்டை முடிந்ததா? இல்லை. 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதம். வாக்கியப்படி 2026-ல்தான் என்றது திருநள்ளாறு கோயில். எது சரி என்று போனில் தேடியவர்கள் ஏராளம். அந்த விவாதத்தின் வேர்களில் ஒன்று நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது.

கிடைக்காத ஒன்று

1874 டிசம்பர் 9-ல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடக்க இருந்தது. அது என்ன, ஏன் முக்கியம் என்று விளக்கி ஒரு நூல் எழுதினார் ரகுநாதாச்சாரி. கட்டுரையாக எழுதாமல் உரையாடலாக எழுதினார், சாதாரண மக்களுக்கும் புரியட்டும் என்று. அது பல இந்திய மொழிகளில் வந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். இந்தியர்களே பணம் போட்டு, இந்தியர்களே நடத்தும் ஒரு வான் ஆய்வகம் வேண்டும், அங்கே நம் பிள்ளைகள் நவீன வானியல் கற்க வேண்டும் என்று கேட்டார். சோழியில் கணக்குப் போடத் தெரிந்த நாட்டில் தொலைநோக்கி வழியாகப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்பது அவர் ஆசை.

அது நடக்கவில்லை. அவர் உடல்நிலையும் மோசமானது. 1880 பிப்ரவரி 5-ல் இறந்தார். முப்பது வருஷத்துக்கும் மேல் ராத்தூக்கம் கெட்டு எடுத்த அளவீடுகளில் பெரும்பகுதி, அவர் இறந்த பிறகு வந்த மெட்ராஸ் ஆய்வகத் தொகுதிகளில்தான் அச்சேறியது.

அடுத்த கிரகணத்தைப் பாதுகாப்பாகப் பார்ப்பது எப்படி?

சூரியனின் பிம்பத்தை வெளியே விழவைத்து, அதைப் பார்த்து அளவெடுப்பது பற்றி ரகுநாதாச்சாரி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். இன்றைக்கும் வீட்டில் பாதுகாப்பான வழி அதுதான். சூரியனைப் பார்க்காதீங்க, அதன் பிம்பத்தைப் பாருங்க.

* ஒரு அட்டையில் குண்டூசியால் துளை போட்டு வெயிலில் பிடியுங்கள். நிழலில் விழும் குட்டி வட்டம்தான் சூரியன். கிரகணம் கூடக்கூட அது பிறையாகும். சல்லடை பிடித்தால் தரை முழுக்கப் பிறைகள். வேப்பமரத்தடியில் இலை இடுக்குகளே இந்த வேலையைச் செய்யும். துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது.

* நேராகப் பார்க்க வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி, அல்லது 14-ம் எண் வெல்டிங் கண்ணாடி மட்டும். கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

* எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், சிடி, புகை பிடித்த கண்ணாடி, மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீர் எதுவும் வேண்டாம். விழித்திரைக்கு வலி தெரியாது. சுடுவது தெரியாமலே பார்வை போகும்.

* கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பது ரொம்ப ஆபத்து. லென்ஸ் குவிக்கும் வெயில் கண்ணாடியையே பொசுக்கிவிடும். ஃபில்டர் லென்ஸின் முன்பக்கம் இருக்க வேண்டும்.

* சூரியன் முழுசாக மறைந்த அந்தச் சில நிமிடம் மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம். வளைய கிரகணத்தில் அப்படி ஒரு நிமிடமே கிடையாது.

* சந்திர கிரகணத்துக்கு இது எதுவும் தேவையில்லை. குழந்தை முதல் பாட்டி வரை வெறும் கண்ணால் பார்க்கலாம்.

தாம்பாளத்தில் உலக்கை நிற்பது? அடிப்பாகம் தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும். கிரகணம் இல்லாத நாளில் ஒரு தடவை நிறுத்திப் பாருங்களேன்.

நாள் குறித்து வையுங்கள்

2031 மே 21-ல் தமிழ்நாட்டின் தென்பகுதி வழியாக மீண்டும் ஒரு வளைய சூரிய கிரகணம். சேலத்தில் பகுதி கிரகணமாகத் தெரியும்.

அதற்கு முன்னாடியே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறக்கும் முன்பு, முழு சந்திர கிரகணம். இரவு 10.20 மணி வாக்கில் உச்சம். ஃபேர்லேண்ட்ஸ் மொட்டை மாடியில் இருந்தே பார்க்கலாம். வீட்டில் இருக்கும் பஞ்சாங்கத்தையும் மேலே எடுத்துப் போங்கள். வாக்கியமோ திருக்கணிதமோ, அதில் போட்டிருக்கும் நேரத்தைப் போன் கடிகாரத்தோடு வைத்துப் பாருங்கள். நிலாவின் ஓரத்தில் நிழல் ஏறும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரகுநாதாச்சாரி கேட்டது அவ்வளவுதான்.