ராமானுஜனும் அந்த 0.004-உம்

லேப் ரெக்கார்டில் 387.96 என்று ஒரு விடை வந்தால் என்ன செய்வீர்கள்? 388 என்று எழுதிவிட்டு அடுத்த ரீடிங்குக்குப் போய்விடுவீர்கள். ரவுண்ட் ஆஃப் என்பது நமக்கு அவ்வளவுதான். ஆனா நம்ம பக்கத்து ஈரோட்டில் பிறந்த ஒருவருடைய வாழ்க்கையில் அந்தச் சின்ன வேலைக்கு ரொம்பப் பெரிய இடம் இருக்கு. அவர் சீனிவாச ராமானுஜன். 1729 கதை உங்களுக்கே தெரியும், அதை விட்டுடலாம். இது வேற கதை.

அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்தில் படித்த எண்கோட்டை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கலாம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டை 0 என்று வையுங்கள். கிருஷ்ணகிரி பக்கம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1, 2, 3 என்று கல். சேலம் பக்கம் -1, -2, -3. தொப்பூர் பக்கம் போகப் போக எண் சின்னதாகிக்கொண்டே போகும். -20 என்பது -5-ஐ விடச் சின்னது. இப்போ உங்க வண்டி -3.6-ல் நின்றுவிட்டது. பக்கத்துக் கல் எது? -4. எந்தக் கல்லிலிருந்து தூரம் அரை கிலோமீட்டருக்கும் குறைவோ, அதுதான் பக்கத்துக் கல். ரவுண்ட் ஆஃப் என்றால் இதுதான். இந்த "அரை"யை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணம். அப்பா ஜவுளிக்கடையில் குமாஸ்தா. பள்ளி நாட்களில் கார் என்பவர் தொகுத்த கணக்குப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. பையன் அதிலேயே மூழ்கிவிட்டார். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். மற்ற பாடங்களைக் கவனிக்காததால் அது போய்விட்டது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. நம்ம பாஷையில் சொன்னா, கணக்கு தவிர எல்லாம் அரியர்.

காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசி விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். எப்படி வந்தது என்பது சிலேட்டோடு போச்சு. 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கிருந்துதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

அந்த வருஷம் ஹார்டிக்குப் போன கடிதங்களில் ஒரு விசித்திரமான வரி இருந்தது. ஒரு குறிப்பிட்ட தொடரின் கெழுக்களைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் கொடுத்து, அதில் வரும் தசம எண்ணுக்கு மிக அருகில் உள்ள முழு எண்தான் விடை என்று எழுதியிருந்தார். அதாவது, கணக்குப் போடு, ரவுண்ட் பண்ணு, அதுவே துல்லியமான விடை! ஹார்டி பார்த்தார். அது தப்பு. சூத்திரம் நெருக்கமாகப் போகிறது, ஆனால் எப்பவும் அரைக்குள் நிற்பதில்லை.

இதில் என்ன கஷ்டம்னு கேட்கிறீங்களா? 1914-ல் ராமானுஜனே வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஒரு எண் இருக்கு. π-ஐ 58-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை e-க்கு அடுக்காகப் போட்டால் 24,59,12,57,751.99999982 வரும். நம்ம கையில் இருக்கிற கால்குலேட்டரில் அந்தத் தசமம் தெரியவே தெரியாது. பார்க்கிறவர்கள் முழு எண் என்றே சத்தியம் செய்வார்கள். ஆனால் அது முழு எண் இல்லை. கல்லுக்குப் பக்கத்தில் நிற்பது வேறு, கல்லிலேயே நிற்பது வேறு.

1914 மார்ச்சில் கப்பல் ஏறி ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனார். ஹார்டி அந்தத் தப்பான வரியைத் தூக்கிப் போடவில்லை. இருவரும் அதே யோசனையை வேறொரு கேள்வியில் வைத்துப் பார்த்தார்கள்: ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4 என்றால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதம். 10-க்கு 42. 100-க்கு 19 கோடியைத் தாண்டிவிடும். எழுதி எண்ணவே முடியாது.

இருவரும் ஒரு தொடரைக் கண்டுபிடித்தார்கள். அதில் π வரும், வர்க்கமூலம் வரும், எல்லாம் தசமம். 200-க்குப் போட்டுப் பார்த்தார்கள். முதல் உறுப்பு மட்டும் எடுத்தால் 39,72,99,89,93,185.896. இரண்டாவது உறுப்பு 36,282.978-ஐக் கூட்டுகிறது. மூன்றாவது 87.555-ஐக் கழிக்கிறது. அப்புறம் 5.147, 1.424, 0.071 என்று கூட்ட வேண்டியது குறைந்துகொண்டே போகிறது. ஆறு உறுப்பு முடிந்ததும் கடைசி மூன்று இலக்கம் 387.961. எட்டு உறுப்பு முடிந்ததும் 388.004.

இன்னொரு பக்கம் மக்மஹோன் என்ற கணித அறிஞர் பழைய முறையில், ஒவ்வொரு எண்ணாகக் கையால் கூட்டி 200 வரை அட்டவணை போட்டிருந்தார். அவருடைய விடை 39,72,99,90,29,388. ஏறக்குறைய நாலு லட்சம் கோடி. கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனது. வித்தியாசம் 0.004.

ஆனா விஷயம் அதோட முடியல. ஒரு எண்ணுக்கு ஒத்துவந்தது தற்செயலாக இருக்கலாமே? எண் பெரிதாகப் பெரிதாக, தேவையான அளவு உறுப்புகளை எடுத்தால் பிழை சுருங்கிக்கொண்டே போகும், அரையைத் தாண்டாது என்று நிரூபித்தார்கள். அந்த நிரூபணம்தான் ரவுண்ட் பண்ண உரிமை கொடுத்தது. துறைமுகக் குமாஸ்தாவின் கடிதத்தில் தப்பாக இருந்த யோசனை 1918-ல் வெளிவந்த கட்டுரையில் சரியாகிவிட்டது. சிலேட்டில் அழிந்துபோன நடுவழியை ஹார்டியோடு உட்கார்ந்து ராமானுஜன் போட்டுக் காட்டினார்.

அதே 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெலோ ஆனார். உடம்பு ஏற்கெனவே கெட்டிருந்தது. 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. கடைசி மாதங்களிலும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த தடவை ரெக்கார்டில் 387.96-ஐ 388 ஆக்கும்போது உங்க மீட்டரைக் கொஞ்சம் பாருங்க. அதன் பிழை அரைக்குள் இருந்தால் தைரியமாக 388 போடலாம். பிழை 2 வரை போகும் என்றால் அந்த .96-க்கே அர்த்தம் இல்லை. விடை 386-ஆகவும் இருக்கலாம், 390-ஆகவும் இருக்கலாம்.