ஓனா ஷிமைட்டே அம்மையார்

இரவல் வாங்கிய நூலைத் திருப்பித் தராதார் இல்லாத ஊரில்லை. நூல்நிலையத்தாருக்கு அவர்களால் நேருவது தொல்லையே. ஆயினும் அத்தகைய நூல்களையே சாட்டாகக் கொண்டு, சாவை எதிர்நோக்கியிருந்த ஒரு சமூகத்தாரிடம் மீண்டும் மீண்டும் சென்றுவந்தார் ஓர் அம்மையார். லிதுவேனியா நாட்டவராகிய ஓனா ஷிமைட்டே என்பது அவர் பெயர்.

1894ஆம் ஆண்டில், ருஷ்யப் பேரரசின்கீழ் இருந்த வட லிதுவேனியாவில், அக்மெனே என்னும் ஊரிற் பிறந்தவர் அவர். ரீகா நகரிற் கற்றபின் மொஸ்கோவில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பெற்றோரை இழந்த பிள்ளைகளிடையே பணிபுரிந்தார். 1922இல் தாயகம் மீண்டு, பின்னர் நூல்நிலையத் துறையிற் புகுந்தார். 1940இல் வில்னியஸ் சர்வகலாசாலை நூல்நிலையத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் பகுதி அவர் பணியிடமாயிற்று.

வில்னியஸ், யூதர்தம் கல்விப் பெருமையால் லிதுவேனியாவின் ஜெருசலேம் எனப் போற்றப்பட்ட நகரம். 1941 யூன் மாதத்தில் ஜேர்மன் படை அதனுட் புகுந்தது. செப்டெம்பரில் ஏறத்தாழ 40,000 யூதர் ஒருசில தெருக்களுக்குள் அடைக்கப்பட்டனர். கெற்றோ என்பது அவ்வடைப்பிடத்தின் பெயர். அங்கிருந்து கூட்டங்கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டோர், அயலிலுள்ள பொனாரிக் காட்டிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நிலையிலும் அடைபட்ட மக்கள் தமக்கென ஒரு நூல்நிலையம் நடத்தினர்! ஹெர்மன் குருக் என்பார் அதனைப் பொறுப்பேற்றிருந்தார். 1942 டிசம்பரில் அங்கு இரவல் கொடுக்கப்பட்ட நூல்களின் தொகை ஓரிலட்சத்தை எட்டியது. பசித்த வயிற்றோடும் நூலைத் தேடிய மக்கள் அவர்கள். நம் நூல்நிலையங்களின் ஆண்டறிக்கைகளை இத்தொகையோடு ஒப்பிடுவது நமக்கு நாணந் தருவதாகும்.

புறத்தார் கெற்றோவினுட் செல்லுதல் தடுக்கப்பட்டிருந்தது. ஷிமைட்டே அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம் செய்தார். போருக்கு முன் யூத மாணவர் பெற்றுச் சென்ற சர்வகலாசாலை நூல்களை மீட்டுவரல் வேண்டும் என்பதே அது. கடமை தவறாத ஊழியர் ஒருவரின் கோரிக்கையெனக் கருதி அவர்கள் இசைந்தனர். அன்று முதல் அவர் உட்செல்லும்போது பையில் உணவு இருந்தது. வெளிவரும்போது கைப்பிரதிகளும் கடிதங்களும் இருந்தன. கவிஞர் ஆப்ரஹாம் சுட்ஸ்கெவர் முதலிய எழுத்தாளரோடு அவருக்குத் தொடர்பிருந்தது. கிரிகோரி ஷூர் என்பாரைக் கெற்றோ வாழ்வைக் குறித்து வைக்குமாறு தூண்டியவரும், எழுதிய தாள்களைச் சர்வகலாசாலை நூல்நிலையத்திலே மறைத்து வைத்தவரும் இவரே. ஷூர் முகாமில் மாண்டார். அவர் குறிப்புகள் பிற்காலத்தில் நூலாயின. மாணவனை எழுதத் தூண்டும் ஆசிரியரின் இயல்பும், எழுதியதைப் பேணும் நூலகரின் இயல்பும் இச்செயலில் ஒன்றாயின என்றே எமக்குத் தோன்றுகிறது.

1943 செப்டெம்பரிற் கெற்றோ அழிக்கப்பட்டது. அதன்பின்னும் அவர் ஓய்ந்தாரல்லர். யூதச் சிறுமி ஒருத்தியைத் தம் உறவுப் பிள்ளையெனக் காட்டிக் காக்க முயன்றது வெளிப்பட, 1944 ஏப்பிரலிற் சிறைப்பட்டார். கொடிய வதைகளுக்கு உள்ளாகியும் எவரையும் அவர் காட்டிக் கொடுக்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. சர்வகலாசாலையார் இரகசியமாகப் பணங்கொடுத்ததன் பயனாக உயிர் தப்பி, முதலில் டாக்கவ் முகாமுக்கும் பின்னர் பிரான்சு நாட்டு முகாம் ஒன்றுக்கும் அனுப்பப்பட்டார். நேசப்படைகள் அவரை விடுவித்தன.

எஞ்சிய வாழ்நாளில் இஸ்ரவேலிற் கழித்த மூன்றாண்டு நீங்கலாக, பெரும்பகுதியைப் பிரான்சிலே கழித்தார். வறுமை அவரை விட்டகலவில்லை. நினைவுகளை நூலாக எழுதுமாறு நண்பர் பலர் வற்புறுத்தியும் அது நிறைவேறவில்லை. புகழை விரும்பாமையே காரணமென்பர் சிலர். வதையின் நினைவை மீண்டுந் தீண்ட அஞ்சியதும் ஒரு காரணமாகலாம். 1966இல் இஸ்ரவேலின் யாத் வஷெம் நிறுவனம், யூதரைக் காத்த அயலினத்தாருக்கு வழங்கும் உயர்சிறப்பை அவருக்களித்தது. 1970 ஜனவரியிற் பாரிசின் அயலிலே காலமானார். தம் உடலை மருத்துவக் கல்விக்கே கொடுத்திருந்தார். 2015இல் வில்னியஸ் நகரத் தெருவொன்று அவர் பெயரைப் பெற்றது.

எழுதாது விட்ட அந்நூலுக்கு ஈடாக, அவர் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஆயிரக்கணக்கான பக்கங்களாய் லிதுவேனியா, இஸ்ரவேல், அமெரிக்கா ஆகிய நாடுகளின் காப்பகங்களிற் பட்டியலிடப்பட்டுள்ளன.