சம்பளத்தை மறுத்த பேராசிரியர், தீப்பொறியை அடக்கிய விஞ்ஞானி

இன்று கைப்பேசியும் வைஃபையும் பல வீடுகளில் உள்ளன. அவற்றை இயக்கும் மின்காந்த அலைகளைத் தொடக்கக் காலத்திலேயே ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

இவர் 1858 நவம்பர் 30-ஆம் தேதி வங்காளத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. வசதியானவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில், அவர் மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். மீனவர் மகனும் வீட்டு ஊழியரின் மகனும் அங்கே ஜகதீஷின் தோழர்கள்.

பின்னர் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய போஸ், 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியர் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்குச் சம்பளம். தற்காலிகப் பணி என்று காரணம் காட்டி, போஸுக்கு அதிலும் பாதியே தர முன்வந்தார்கள். அவர் வாங்க மறுத்தார். குடும்பம் கடனில் தத்தளித்தபோதும் மூன்று ஆண்டுகள் சம்பளமின்றிப் பாடம் நடத்தினார். இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்தது. பணி நிரந்தரமானது, நிலுவைச் சம்பளமும் முழுமையாகக் கிடைத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

1894-இல் கல்லூரியின் சிறிய அறை ஒன்றில் ஆய்வைத் தொடங்கினார். முறையான பயிற்சி இல்லாத ஒரு தகர வேலைக்காரரே அவருக்குத் துணை. கருவிகளை இருவரும் கையாலேயே செய்தார்கள்.

அலைகளை உண்டாக்க ஒரு மின்சுருள் வேண்டும். அது பேட்டரியின் சிறிய மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும். அந்த அழுத்தம், உலோகக் குண்டுகளுக்கு நடுவே விடப்பட்ட சிறு இடைவெளியைத் தாண்டும்போது தீப்பொறி பறக்கும். அப்போதுதான் அலை பிறக்கும். குண்டு சிறிதானால் அலையின் நீளமும் குறையும்.

ஆனால் பொறி ஓயாமல் பறந்தால் குண்டின் மேற்பரப்பு கருகிச் சொரசொரப்பாகும். அலையும் சீராக வராது. போஸ் இரண்டு வழிகளில் இதைச் சமாளித்தார். எளிதில் அரிக்காத பிளாட்டினத்தைப் பொறி பறக்கும் பரப்புகளுக்குப் பயன்படுத்தினார். விடாமல் பொறி எழுப்பும் அதிர்வு அமைப்பை நீக்கிவிட்டு, தேவைப்படும்போது ஒரே ஒரு பொறி வரும்படி செய்தார். அலை கண்ட இடத்தில் கசியாமலிருக்க, சுருளை உலோகப் பெட்டிக்குள் அடைத்தார்.

இப்படிச் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகள் அவருக்குக் கிடைத்தன. கல்கத்தாவில் நடந்த பொதுச் செயல்விளக்கத்தில், கம்பித் தொடர்பே இல்லாமல் சுவருக்கு அப்பால் மணி ஒலித்தது, வெடிமருந்தும் வெடித்தது. 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கினார்.

கண்டுபிடிப்பை விற்றுப் பணம் சேர்ப்பதில் அவருக்கு நாட்டமில்லை. பிற்காலத்தில் தாவரங்களின் உணர்வை ஆராய்ந்தார். 1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23-ஆம் தேதி கிரிடியில் காலமானார்.

அன்று கையால் செய்த அந்தக் கருவிகள், அவர் நிறுவிய நிலையத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.