மண் சுமந்த பொறியாளர்

வைகையில் வெள்ளம் பெருகியபோது, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டிய மன்னன் ஆணையிட்டான். அனுப்ப ஆளில்லாத வந்தி என்னும் மூதாட்டிக்காகக் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தவர் சிவபெருமான் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் திருவிளையாடல். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். மண் சுமக்க ஊரிலேயே ஆட்கள் இருக்கும்போது, வெளியிலிருந்து வந்து கூடை எடுப்பவரின் உழைப்புக்கு உண்மையில் என்ன மதிப்பு?

இக்கேள்வி இன்று உலக அளவில் கேட்கப்படுகிறது. வளர்ந்த நாடுகளின் இளைஞர்கள் விடுமுறைக் காலத்தில் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் சென்று பள்ளிச் சுவர் எழுப்புகிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள். அதற்காக ஏற்பாட்டு நிறுவனங்களுக்குக் கட்டணமும் செலுத்துகிறார்கள். ஒருவரின் விமானக் கட்டணத்தில் உள்ளூர்க் கொத்தனார் ஒருவருக்குப் பல மாதக் கூலி கொடுத்துவிடலாமே என்ற விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், இவ்வழக்கத்துக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவரின் வாழ்க்கையைப் படித்தபோது, விடை வேறோர் இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல்.

1879 ஆகஸ்ட் 17 அன்று லோசான் நகரில் அவர் பிறந்தார். தந்தை பால் செரெசோல், 1873-ஆம் ஆண்டு சுவிஸ் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். ராணுவத்தில் உயர் பதவி வகித்தவர். மகன் சூரிச்சில் பொறியியல் பயின்றார். முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மனியின் கோட்டிங்கன், மியூனிக் நகரங்களில் மேற்படிப்பைத் தொடர்ந்தார். பல்கலைக்கழக வாழ்க்கை அவருக்காகக் காத்திருந்தது. அதை உதறிவிட்டு, ஐந்தாண்டுகள் உலகம் சுற்றினார். அமெரிக்காவில் உடலுழைப்பு வேலைகள் செய்தார். ஹவாயில் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஜப்பானில் பொறியாளராகப் பணியாற்றினார்.

1914-இல் அவர் தாயகம் திரும்பியபோது ஐரோப்பா தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. தாம் உழைத்து ஈட்டாத செல்வம் தமக்கு உரியதன்று என்று கருதிய அவர், தமக்கு வந்த குடும்பச் சொத்தை சுவிஸ் அரசிடமே ஒப்படைத்தார். உடல்நிலை காரணமாகப் படைப்பணியிலிருந்து விலக்குப் பெற்றோர் அந்நாட்டில் அதற்கு ஈடாக ஒரு வரி செலுத்த வேண்டும். போருக்குத் துணைபோகும் வரி என்று கூறி, 1917-இல் அதைச் செலுத்த மறுத்தார், சிறை சென்றார். பின்னரும் பலமுறை அவருக்குச் சிறை வாழ்க்கை வாய்த்தது. நாட்டின் தலைவராக இருந்தவரின் மகன் வரி மறுத்துச் சிறை செல்வதை அக்காலச் சமூகம் எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

போர் முடிந்தபின், 1919-இல் நெதர்லாந்தின் பில்தோவன் என்னும் ஊரில் கிறிஸ்தவ அமைதிவாதிகள் கூடி ஒரு நல்லிணக்க அமைப்பை உருவாக்கினர். அதன் முதல் செயலாளர் செரெசோல். ஆனால், மாநாடுகளும் தீர்மானங்களும் அவருக்கு விரைவில் சலித்தன. படைவீரன் தன் நாட்டுக்காக உழைப்பையும் உயிரையும் தருகிறான். அமைதியை விரும்புவோர் சொற்களை மட்டுமே தருவது நேர்மையாகாது என்பது அவர் எண்ணம்.

1920 நவம்பரில் அந்த எண்ணம் செயல் வடிவம் பெற்றது. 1916-இல் ஏறத்தாழ பத்து மாதங்கள் நீடித்த வெர்டன் போரில் இரு தரப்பிலும் சுமார் மூன்று லட்சம் பேர் மாண்டனர். அப்போர்க்களத்தை ஒட்டி, முற்றிலும் தரைமட்டமான எஸ்ன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூருக்குச் செரெசோல் ஒரு சிறு குழுவுடன் சென்றார். குழுவில் ஜெர்மானியர் மூவரும் இருந்தனர். வீடிழந்தோருக்கு மரக் குடில்கள் அமைப்பதும், குண்டுகள் குடைந்த நிலத்தைச் சமன் செய்வதும், சாலை போடுவதும் அவர்கள் பணி. கூலி கிடையாது. ஊரை அழித்த படையின் நாட்டவரே அதைக் கட்டியெழுப்ப வந்ததை எல்லோராலும் ஏற்க முடியவில்லை. ஜெர்மானியர் இருப்பதற்கு எழுந்த எதிர்ப்பால், 1921-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் குழு வெளியேற நேர்ந்தது.

செலவையும் பலனையும் எடைபோடும் கண்ணுக்கு இது ஒரு தோல்வி. சில குடில்களும் சில ஏக்கர் நிலமுமே மிச்சம். ஆனால், பன்னாட்டுத் தொண்டர் முகாம்களின் வரலாறு அந்தச் சேற்றிலிருந்தே தொடங்குகிறது.

படைப்பணியை மனச்சான்றின்படி மறுப்போருக்கு மாற்றாகக் குடிமைப் பணி வேண்டும் என்று கோரி, சுவிட்சர்லாந்தில் சுமார் 40,000 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை 1924-இல் நாடாளுமன்றம் நிராகரித்தது. அதே ஆண்டு, ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் ஓர்மோன் பள்ளத்தாக்கில் பனிச்சரிவால் பாதிக்கப்பட்ட ஊரில் செரெசோல் முகாம் அமைத்தார். முகாமை நடத்த உதவியவர் அவருடைய சகோதரர் எர்னஸ்ட். அவரோ ராணுவத்தில் கர்னல். படையை ஏற்றவரும் மறுத்தவரும் ஒரே மண்வெட்டியைப் பகிர்ந்தனர். விடியலில் எழுதல், குறித்த நேரத்தில் வேலை, கட்டுப்பாடு என ராணுவத்தின் ஒழுங்கு முழுவதும் அங்கு இருந்தது. ஆயுதம் மட்டும் இல்லை.

1927-இல் ரைன் ஆற்றின் கரை உடைந்து லிச்டென்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் வயல்கள் சரளைக் கற்களால் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு, பல நாடுகளைச் சேர்ந்த 700-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் மாதக்கணக்கில் அவற்றை அகற்றினர். இத்தகைய முகாம்களே பன்னாட்டுக் குடிமைச் சேவை என்னும் இயக்கமாக நிலைபெற்றன. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மண் வெட்டுவது ஆண்களுக்கும், சமையலும் துணி துவைப்பதும் பெண்களுக்கும் என்றே தொடக்ககால முகாம்கள் வேலையைப் பிரித்தன. சமத்துவம் பேசியோரும் தம் காலத்தின் வழக்கத்தைத் தாண்டவில்லை.

1931-இல் வேல்ஸில் நடந்த முகாம் ஒரு பொருளாதார ஆசிரியனுக்கு மிக நெருக்கமானது. பிரின்மாவர் என்னும் ஊர், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையின்மையில் மூழ்கியிருந்தது. அங்கு தொண்டர்களும் உள்ளூர் வேலையற்றோரும் சேர்ந்து, கழிவு நிலத்தைப் பூங்காவாகவும் நீச்சல் குளமாகவும் மாற்றினர். வேலையில்லாத ஊரில் கூலியின்றி வேலை செய்வது தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகாதா என்ற எதிர்ப்பு எழுந்தது. நியாயமான கேள்விதான். கூலிக்கு ஆள் அமர்த்திச் செய்யப்படக்கூடிய வேலையில் தொண்டர்கள் போட்டியிடக் கூடாது. இவர்கள் வராவிட்டால் நடக்கவே நடக்காத வேலையை மட்டுமே ஏற்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று.

அந்த ஆண்டின் இறுதியில், வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் காந்தியடிகள் எழுத்தாளர் ரொமெய்ன் ரோலண்டைக் காண சுவிட்சர்லாந்துக்கு வந்தார். செரெசோல் அவரை அப்போது சந்தித்தார். மூன்றாண்டுகளுக்குள் அவரை இந்தியாவுக்கு அழைத்துவந்தது ஒரு பேரிடர். 1934 ஜனவரி 15 அன்று பிகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் அம்மாகாணத்தில் மட்டும் 7,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முங்கேரும் முசாஃபர்பூரும் சிதைந்தன. பூமி பிளந்து வெளிவந்த மணல் வயல்களை மூடியது. நில மட்டம் மாறியதால் வெள்ளம் வடியாமல் தேங்கியது.

அப்போது தமிழ்நாட்டில் அரிசன யாத்திரையில் இருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கிடைத்த தெய்வ தண்டனையே இந்த நிலநடுக்கம் என்று திருநெல்வேலியில் பேசினார். இயற்கை நிகழ்வுக்கு இவ்வாறு விளக்கம் தருவதைத் தாகூர் வெளிப்படையாக மறுத்தார். இரு மாமனிதர்களின் இந்த விவாதம் இன்றும் பேசப்படுகிறது. அதே ஆண்டு பிகாருக்கு வந்து மண் சுமந்த சுவிஸ் பொறியாளரை நாம் மறந்துவிட்டோம்.

1934 முதல் 1937 வரை செரெசோல் மூன்று முறை இந்தியாவுக்கு வந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஐரோப்பியத் தொண்டர்களே உடன் இருந்தனர். வெள்ளம் சூழ்ந்த கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிப் புதிய வீடுகள் கட்டும் பணியில், முசாஃபர்பூர் வட்டாரத்தில் கிராமத்தாரோடு அவர்கள் ஈடுபட்டனர். அப்போது செரெசோலுக்கு வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் என் தொடக்கக் கேள்வி கூர்மையடைகிறது. உடலுழைப்புக்குப் பஞ்சமே இல்லாத பிகாருக்குக் கப்பல் கட்டணம் செலுத்தி, வெயில் பழகாத ஐரோப்பியர் சிலர் வந்து கூடை சுமப்பது வீண் செலவன்றோ? கூலிக் கணக்குப்படி ஆம். ஆனால், எந்தச் சந்தையிலும் எது பற்றாக்குறையோ அதற்கே மதிப்பு அதிகம் என்று நாங்கள் வகுப்பில் முதல் பாடமாகச் சொல்வதுண்டு. அன்றைய பிகாரில் பற்றாக்குறையாக இருந்தது நம்பிக்கை.

நிவாரணப் பணிக்குத் தலைமையேற்ற ராஜேந்திர பிரசாத், நிலநடுக்கம் நிகழ்ந்தபோது ஆங்கிலேயரின் கைதியாக இருந்தவர். இரண்டு நாள் கழித்தே விடுவிக்கப்பட்டார். அவரிடம் மக்களின் நம்பிக்கை இருந்தது. அரசிடம் நிலமும் நிர்வாக அதிகாரமும் இருந்தன. ஒன்றையொன்று ஐயுற்ற இவ்விரு தரப்போடும் சேர்ந்து பணியாற்ற, ஆள்பவருமல்லாத ஆளப்படுபவருமல்லாத ஒரு சுவிஸ் பொறியாளரால் முடிந்தது. கூடை சுமப்பதை இழிவாகக் கருதிய சாதிச் சமூகத்தில், முனைவர் பட்டம் பெற்ற வெள்ளையர் ஒருவர் கூடையைத் தலையில் ஏற்றியது தனியொரு பாடம். எஸ்ன் கிராமத்தில் ஜெர்மானியர் இட்ட ஆணியின் மதிப்பும் அத்தகையதே. அதைப் பிரெஞ்சுத் தச்சர் இன்னும் நன்றாக அடித்திருப்பார். ஆனால், ஜெர்மானியர் கையால் அடிக்கப்படவேண்டிய ஆணி அது.

அவருடைய இறுதி ஆண்டுகள் கடினமானவை. 1936-இல் குவேக்கர் சமயக் குழுவில் இணைந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியரிடம் அமைதிக்காகப் பேச வேண்டும் என்று கருதி, உரிய ஆவணங்களின்றி எல்லை கடந்து நாஜி ஜெர்மனிக்குள் நுழைந்தார், பிடிபட்டார், தாயகத்திலும் சிறைவைக்கப்பட்டார். அதனால் போர் ஒரு நாள்கூட முன்னதாக முடியவில்லை. இச்செயலை அறிவார்ந்ததென்று நான் வாதிட மாட்டேன். போர் ஓய்ந்த சில வாரங்களில், 1945 அக்டோபர் 23 அன்று அவர் காலமானார். சுவிட்சர்லாந்தில் குடிமைப் பணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1996-இல்தான். அவர் மறைந்து ஐம்பத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு.

அவர் தொடங்கிய இயக்கம் இன்றும் முகாம்கள் நடத்துகிறது. அதைப் பார்த்து எழுந்தவை பல. வணிகமாகிப் போனவையும் உண்டு. நம் பிள்ளைகளும் இப்போது பிற நாட்டு முகாம்களுக்குச் செல்கிறார்கள். பிற நாட்டார் நம் கிராமங்களுக்கு வருகிறார்கள். செல்வோரும் அழைப்போரும் செரெசோலின் வாழ்க்கையிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். இப்பணியை அந்த ஊர் மக்கள் கேட்டார்களா? இதனால் உள்ளூர்த் தொழிலாளி எவரேனும் கூலி இழக்கிறாரா? நாம் சென்றதால், ஒருவரையொருவர் ஐயுற்றிருந்த இருவர் ஒரே இடத்தில் நின்று வேலை செய்ய முடிந்ததா?

முதல் இரண்டுக்கும் சரியான விடை இல்லையெனில், பயணச் சீட்டுக்கான பணத்தை அந்த ஊருக்கே அனுப்பிவிடுவது மேல். மூன்றாவது கேள்விக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், எழுப்பிய சுவர் சற்றே கோணலாக இருந்தாலும் அந்தப் பயணம் வீணன்று.